நான்கு மணி நேரம் பேசிய சிறுமி

வணக்கம் நேயர்களே.

தொலைக்காட்சியில் நடித்துக்கொண்டிருந்து பிறகு எழுத்தாளரான ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. டெட்சுகோ குரோயானகி. பெயரைச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம், ஆனால் 'டோட்டோ-சான்' என்று சொன்னால் ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்கும் நூலகம் பக்கம் போய் வருகிறவர்களுக்கும் உடனே தெரிந்துவிடும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' புத்தகத்தில் வருகிற அந்தச் சிறுமியும் அவர்தான், பெரியவளாகி அதை எழுதியவரும் அவர்தான். ஜப்பானில் போய்க் கேட்டால் மட்டும் அவர் முதலில் தொலைக்காட்சிக்காரர், அப்புறம்தான் எழுத்தாளர். அந்தப் பாதி நம் பக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அது தெரியாமல் புத்தகத்தைப் படிப்பதும், தெரிந்த பிறகு படிப்பதும் வேறு வேறு என்பது என் அனுபவம்.

வானொலியில் பேசுகிறேன், அதனால் வானொலியிலிருந்தே தொடங்குகிறேன்.

1953 பிப்ரவரி 1. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அன்றைக்குத்தான் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடு முழுவதும் சந்தா கட்டியிருந்தவர்கள் 866 பேர். மற்ற ஜனங்கள் தெருவில் வைத்த பெட்டியின் முன்னால் கும்பலாக நின்று பார்த்தார்கள். நம்மூரில் பஞ்சாயத்து டிவி முன்னால் மண்ணில் உட்கார்ந்து ஒலியும் ஒளியும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் புதுப் பெட்டிக்கு நடிகர்கள் வேண்டுமென்று நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்தன. தேறிய சிலரில் இசைக் கல்லூரியில் ஆப்பெரா பாட்டு படித்துக்கொண்டிருந்த டெட்சுகோவும் ஒருவர்.

அவர் விண்ணப்பித்த காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடிகையாக வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் அதற்குப் படப் புத்தகத்தை நன்றாக வாசித்துக் காட்டுகிற அம்மாவாக இருக்க வேண்டும், அதை எங்கே சொல்லித் தருவார்கள் என்று யோசித்துத்தான் போனார்.

போன இடத்தில் பெரும்பாடு. வானொலி நாடகத்தில் கூட்டத்தின் இரைச்சலுக்காகப் பின்னால் சில பேரை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த வேலைதான் முதலில். தெருவில் ஒருவர் விழுந்துவிடுகிறார், போகிறவர் வருகிறவர் எல்லாம் சூழ்ந்துகொண்டு முணுமுணுக்க வேண்டும். இவர் நிஜமாகவே பதறிப்போய் 'என்ன ஆச்சு!' என்று கேட்டுவிடுவார். கூட்டத்தில் அந்த ஒரு குரல் மட்டும் தனியாகத் தெரியும். மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்பார்கள். தள்ளி நிற்பார். இன்னும் தள்ளி. கடைசியில் கதவுப் பக்கம் வரைக்கும் போய் நின்றாலும் அந்தக் குரல் மட்டும் தெரியும். இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிடுவார்கள். குரலைத் திருத்து, பேச்சை மாற்று, எல்லாரையும் போல இரு. நாளாக நாளாக இதுவே காதில் விழுந்துகொண்டிருந்தால் இருபது வயசுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்!

1954-இல் 'யான்போ நின்போ தோன்போ' என்று குழந்தைகளுக்கான வானொலி நாடகத் தொடர் ஒன்று தொடங்கியது. மூன்று வெள்ளைக் குரங்குக் குட்டிகள், அண்ணன் தம்பிகள், அப்பா அம்மாவைத் தேடிக் கிளம்பிப் போகிற கதை. அவர்கள் தேடிப் போகிற ஊர் நம் இந்தியாதான், அது எனக்குத் தனி சந்தோஷம். கடைக்குட்டி தோன்போவின் குரலுக்கு டெட்சுகோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நேராக நாடகாசிரியர் தடாசு ஈசாவாவிடம் போய், என் குரலைச் சரிசெய்துகொள்கிறேன், பேசுகிற விதத்தையும் மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னார். திட்டு வாங்கி வாங்கி, யாரும் கேட்பதற்கு முன்பே அவரே சொல்கிற நிலைமைக்கு வந்திருந்தார். ஈசாவா அதை ஏற்கவில்லை. எதையும் திருத்தாதீர்கள், நீங்கள் பேசுகிற விதம்தான் எனக்கு வேண்டும், இப்படியே இருங்கள் என்றார்.

டெட்சுகோவுக்கு வாழ்க்கையில் இப்படிச் சொன்ன முதல் ஆள் ஈசாவா இல்லை. முதல் ஆளைப் பார்க்கப் பதினான்கு வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை அவர். மேசை மூடியை நூறு தடவை திறந்து மூடுவாள், ஜன்னலில் நின்றுகொண்டு தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள், படம் வரையச் சொன்னால் தாளைத் தாண்டி மேசையிலும் வரைவாள். நானும் இருபத்தாறு வருஷம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவள்தான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியை பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அம்மா வேறு பள்ளி தேடினார். டோக்கியோவின் ஜியுகவோகா பகுதியில் டோமோயே என்ற சின்னப் பள்ளி. மொத்தமே ஐம்பது பிள்ளைகள்தான். ஓடாத ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமையாசிரியர் பெயர் சோசாகு கோபயாஷி.

அவர் அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, உனக்கு என்னவெல்லாம் சொல்லத் தோன்றுகிறதோ சொல் என்றார். டோட்டோ ஆரம்பித்தாள். வந்த ரயில் வேகமாக ஓடியது, டிக்கெட்டைக் கேட்டேன் அவர் தரவில்லை, பழைய பள்ளியில் குருவிக் கூடு இருக்கிறது, எங்கள் நாய் ராக்கி, அப்பா நன்றாக நீந்துவார், கத்தரிக்கோலை வாயில் விட்டு ஆட்டினால் டீச்சர் திட்டுவார். பேச எதுவுமே மிச்சமில்லாமல் போகிற வரைக்கும் பேசினாள். நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை. அப்புறம் தலையில் கை வைத்து, இனிமேல் நீ இந்தப் பள்ளி மாணவி என்றார்.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்துத்தான் இந்தப் பகுதியை நான் முதலில் படித்தேன். அடுத்த நாள் வகுப்பில் ஒரு பையன் பக்கத்தில் வந்து ஆடு குட்டி போட்ட கதையைத் தொடங்கினான். நான் நோட்டுத் திருத்திக்கொண்டே 'ம், ம்' என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனே நிறுத்திக்கொண்டு இடத்துக்குப் போய்விட்டான். அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எந்த வருஷமும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே அத்தியாயம்தான், பணப்பை கக்கூஸ் குழியில் விழுந்துவிட, டோட்டோ அகப்பையை எடுத்து அள்ளி அள்ளி வெளியே குவிக்கிற அத்தியாயம். அந்த வழியாக வந்த கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்டார், பணப்பையைத் தேடுகிறேன் என்றாள், முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டு நடந்தார். அவ்வளவுதான். திட்டவில்லை, உதவிக்கும் வரவில்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சரி, தொலைக்காட்சிக்குத் திரும்பி வருகிறேன். தோன்போவுக்குப் பிறகு டெட்சுகோவைப் பிடிக்க முடியவில்லை. நாடகங்கள், பொம்மலாட்டத்தில் குரல், பாட்டு நிகழ்ச்சிகள். வருஷக் கடைசி ராத்திரி ஜப்பானே உட்கார்ந்து பார்க்கிற பாட்டுப் போட்டியை 1958-இல் தொகுத்து வழங்கினார், அப்போது வயது இருபத்தைந்து. இப்படி ஓடிக்கொண்டிருந்தவர் 1971-இல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நடிப்புப் படிக்க நியூயார்க் போய் ஒரு வருஷம் இருந்தார். ஓடுகிற குதிரையிலிருந்து இறங்க எல்லாருக்கும் மனசு வராது.

திரும்பி வந்த பிறகு, 1976 பிப்ரவரியில், 'டெட்சுகோவின் அறை' தொடங்கியது. ஒரு விருந்தாளி, எதிரில் டெட்சுகோ, வாரநாளெல்லாம் உண்டு. வெங்காயம் மாதிரி உயரத் தூக்கிக் கட்டிய கொண்டைதான் அவருடைய அடையாளம். அந்தக் கொண்டைக்குள்ளிருந்து மிட்டாய் எடுத்து விருந்தாளிக்குக் கொடுப்பார், உண்மையாகவே. 2011-இல் ஒரே தொகுப்பாளர் அதிக முறை வழங்கிய பேட்டி நிகழ்ச்சி என்று கின்னஸ் பதிவு செய்தது. 2015-இல் பத்தாயிரமாவது நிகழ்ச்சி. பத்தாயிரம் தடவை ஒரு மனுஷரை எதிரில் உட்கார வைத்து, சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். ரயில் பெட்டிப் பள்ளியில் அன்றைக்குப் போட்ட நாற்காலியைத்தான் டெட்சுகோ ஸ்டூடியோவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

புத்தகம் வந்ததும் இந்தக் காலத்தில்தான். பகலில் பேட்டி, 1978 முதல் வாரம் ஒருமுறை நேரலையில் பாட்டுத் தரவரிசை நிகழ்ச்சி, இவற்றுக்கு நடுவில் 1979 தொடங்கி இரண்டு வருஷம் இளம் பெண்களுக்கான மாத இதழ் ஒன்றில் டோமோயே பள்ளியைப் பற்றித் தொடராக எழுதினார். 1981 மார்ச்சில் புத்தகமாக வந்தது. கதை கட்டியதாக எதுவும் இல்லை, எல்லாம் நடந்தது என்று பின்னுரையில் சொல்கிறார். பள்ளியை விட்டு அனுப்பினார்கள் என்பதையே அம்மா இருபது வயதுக்குப் பிறகுதான் இவரிடம் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் தான் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லியிருந்தால், டோமோயே வாசலில் அப்படித் துள்ளிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன் என்று எழுதுகிறார். அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம்.

தலைப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நாம் 'ஜன்னலில் ஒரு சிறுமி' என்றதும் வேடிக்கை பார்க்கிற குழந்தையை நினைக்கிறோம், அதுவும் சரிதான். ஆனால் அந்த நாளில் ஜப்பானிய அலுவலகங்களில் 'ஜன்னலோரத்து ஆட்கள்' என்று ஒரு பேச்சு இருந்தது. வேலை எதுவும் தராமல் ஜன்னல் பக்கம் ஒரு மேசையைப் போட்டு ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்களே, அவர்களுக்கு அந்தப் பெயர். முதல் பள்ளியில் தானும் அப்படி ஒதுக்கப்பட்டவள்தான் என்பதை அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டார்.

புத்தகத்தில் உள்ள படங்களை வரைந்தவர் சிஹிரோ இவாசாகி. அவர் 1974-லேயே காலமாகிவிட்டார். இந்தக் குழந்தைகளை வேறு யார் வரைந்தாலும் சரியாக வராது என்று டெட்சுகோ நினைத்து, இவாசாகி விட்டுப்போன ஆயிரக்கணக்கான ஓவியங்களிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பொருத்தமானதைத் தேடி எடுத்தார். அட்டையில் தொப்பி போட்டு நிற்கிற அந்தப் பிள்ளை, டோட்டோவுக்காக வரைந்தது இல்லை என்றால் யாராவது நம்புவார்களா?

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் மட்டும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல். உலகம் முழுவதும் சேர்த்து இரண்டரைக் கோடி என்று 2023-இல் கின்னஸ் பதிவாகியிருக்கிறது. பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். புத்தகத்தில் வந்த வருமானத்தைப் போட்டு டோட்டோ அறக்கட்டளையைத் தொடங்கினார். காது கேளாத நடிகர்கள் தொழில்முறையாக நாடகம் கற்க, நடிக்க அது உதவுகிறது. குரலுக்காகவே துரத்தப்பட்ட ஒரு நடிகை, சைகையில் பேசுகிற நடிகர்களுக்கு மேடை தேடித் தந்திருக்கிறார்.

1984-இல் யூனிசெஃப் அவரை நல்லெண்ணத் தூதராக்கியது. ஆசியாவிலிருந்து முதல் ஆள். முதல் பயணம் தான்சானியா. அங்கே சுவாஹிலி மொழியில் 'டோட்டோ' என்றால் குழந்தை. டெட்சுகோ என்ற தன் பெயரைச் சின்ன வயதில் சரியாகச் சொல்ல வராமல் டோட்டோ என்று சொல்லிக்கொண்ட பெண், ஐம்பது வயதில் ஆப்பிரிக்கக் கிராமத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே பெயர் இருப்பதைக் கேட்கிறார். அடுத்த சில வருஷத்தில் இந்தியாவுக்கும் வந்தார். ஒரு மருத்துவமனையில் டெட்டனஸ் வந்து உடம்பு விறைத்துக் கிடந்த சிறுவனிடம் குனிந்து பேசினார். பேசவே முடியாத அந்தப் பையன் முனகலாகச் சொன்னது, நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன் என்று. ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் அவனுக்கு அந்த நோயே வந்திருக்காது.

1945-இல் குண்டுவீச்சில் டோமோயே எரிந்து போனது. ரயில் பெட்டிகள் எரிவதைத் தெருவில் நின்று பார்த்த கோபயாஷி, பக்கத்திலிருந்த மகனிடம், அடுத்து எந்த மாதிரிப் பள்ளி கட்டலாம் என்று கேட்டாராம். 1963-இல் அவர் இறந்தார். பெரியவளானதும் இந்தப் பள்ளிக்கே ஆசிரியையாக வருவேன் என்று டோட்டோ அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். திரும்பி வரப் பள்ளி இல்லாமல் போய்விட்டது.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 2023 அக்டோபரில், தொண்ணூறு வயதில், இரண்டாம் பாகம் வெளியிட்டார். உக்ரைன் போரில் அகப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துத்தான் தன் போர்க்கால நாட்களை எழுத வேண்டுமென்று தோன்றியதாகச் சொன்னார். வடக்கே அவோமோரியில் ஆப்பிள் தோட்டத்துக் காவல் குடிசையில் அம்மாவோடு ஒண்டிக்கொண்டது, சிப்பாயாகப் போன அப்பா சைபீரியாவில் கைதியாகக் கிடந்து 1949-இல் திரும்பி வந்தது எல்லாம் அந்தக் காலத்து வாழ்க்கை. அப்பா வயலின் கலைஞர். ராணுவப் பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் கிடைக்கும் என்று தெரிந்தும், வீட்டில் பட்டினி இருந்தும், வாசிக்க மாட்டேன் என்று சொன்னவர். மகளுக்கோ வேறொரு கணக்கு மனசில் இருந்தது. ஸ்டேஷனில் போருக்குப் போகிறவர்களுக்குக் கொடி ஆட்டினால் சுட்ட கணவாய் மீனின் கால் ஒன்று கொடுப்பார்கள், அதற்காகவே போய்க் கொடி ஆட்டினேன், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ என்று வயதான பிறகும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கும்பல் நிறைந்த ரயில், ராத்திரி, அது அவோமோரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டோட்டோவுக்கு எங்கே போகிறோம் என்று சரியாகத் தெரியாது. கோபயாஷி தினமும் பார்க்கிறபோதெல்லாம் அவளிடம் சொன்ன வார்த்தையை, 'நீ நிஜமாகவே நல்ல பெண்' என்பதை, மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள், கண் மூடுகிறது, ரயில் இருட்டில் ஓடுகிறது.