ஏக்கருக்கு 3 சென்ட் என்பது எந்த நிலத்தின் விலை?

வணக்கம் நண்பர்களே. ஒரு நிமிடக் குறுங்காணொளி ஒன்றை இந்த வாரம் உங்களில் பலர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 1803-இல் அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்திருந்த லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பை (இன்றைய மாநிலத்தை மட்டும் அன்று) பிரான்சிடமிருந்து ஏக்கருக்கு 3 சென்ட் வீதம் வாங்கினாராம். சென்ட் என்றால் இங்கே டாலரில் நூறில் ஒரு பங்கு, நம் ஊர் நில அளவு அன்று. உலக வரலாற்றிலேயே இதைவிட மலிவான மனை வியாபாரம் நடந்ததில்லையாம். சுவரே அதிரும் இசையோடு ஒருவர் அதை முழங்குகிறார். யாராவது ஒரு விலையைச் சொன்னால் அதன் ரசீதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வகுத்தல் கணக்கில் பிழையில்லை. தொகை 1.5 கோடி டாலர். பரப்பு சுமார் 8,28,000 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 53 கோடி ஏக்கர். ஆனால் அந்தத் தொகையில் 1 கோடியே 12.5 லட்சம் டாலர்தான் பிரான்சுக்கு. அதுவும் ரொக்கமாக அன்று, 6 சதவீத வட்டிக் கடன்பத்திரமாக. எஞ்சிய 37.5 லட்சம், பிரான்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்குத் தர வேண்டியிருந்த பாக்கியை அமெரிக்க அரசே அடைப்பதாக ஏற்றுக்கொண்ட தொகை. அந்தப் பத்திரங்களை வாங்கி நெப்போலியனுக்குப் பணமாக்கிக் கொடுத்தவை ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் லண்டனின் பேரிங் நிறுவனமும். அப்போது பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன! எதிரியின் கஜானாவை நிரப்பிக் கொடுத்தது லண்டன் வங்கி என்ற இந்தச் சுவையான செய்தியை விட்டுவிட்டு இசையைக் கூட்டி என்ன பயன்?

இதைவிட எனக்கு எரிச்சலூட்டியது, எல்லாம் ஜெஃபர்சனின் சாமர்த்தியம் என்று முடித்துவிட்டதுதான். அவர் வாங்க விரும்பியது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் ஃபுளோரிடாவையும் மட்டுமே. அமெரிக்காவின் மேற்குப் பகுதி உழவர்கள் தங்கள் விளைபொருளை மிசிசிப்பி ஆற்றில் இறக்கிக் கொண்டுவந்து அந்தத் துறைமுகத்தில் இருப்பு வைக்கும் உரிமையை, 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய நிர்வாகி ரத்து செய்துவிட்டார் (லூசியானாவை ஸ்பெயின் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்திருந்தாலும் நிர்வாகம் இன்னும் ஸ்பெயினிடமே இருந்தது). அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பாரிசில் அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டன் பேசிக்கொண்டிருந்தார்; அவருக்குத் துணையாக ஜேம்ஸ் மன்றோவும் அனுப்பப்பட்டார். மன்றோ பாரிசை எட்டுவதற்கு முதல் நாள், 1803 ஏப்ரல் 11 அன்று, முழு லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தலேராண்ட் தாமாகவே கேட்டார். ஏன் கேட்டார்? கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த செயிண்ட் டொமிங்கில், அடிமைத்தளையை அறுத்துக்கொண்ட மக்களும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து நெப்போலியனின் படையை அழித்துவிட்டார்கள். அந்தத் தீவுக்கு உணவும் பொருளும் அனுப்பத்தான் அவருக்கு லூசியானா தேவைப்பட்டது; தீவே கையில் இல்லையென்றால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 1804-இல் ஹைத்தி என்று விடுதலை அறிவித்த அந்த மக்களுக்கு ஜெஃபர்சன் அங்கீகாரம் தரவில்லை. 1806-இல் அவர்களுடனான வணிகத்துக்கும் தடை வந்தது. இந்த மனிதரை எனக்கு ஏன் பிடிப்பதில்லை என்று இனிக் கேட்காதீர்கள்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பார். 1803-இல் யாரேனும் பார்த்திருந்தால் இரண்டு வில்லங்கங்கள் தென்பட்டிருக்கும். ஒன்று, லூசியானாவை வேறெவருக்கும் கைமாற்றுவதில்லை என்று பிரான்ஸ் ஸ்பெயினுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. மற்றொன்று, அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள். இந்த இரண்டாவது செய்தி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: அதன் 6-ஆம் பிரிவு, பழங்குடி நாடுகளோடு ஸ்பெயின் செய்திருந்த உடன்படிக்கைகளை, பரஸ்பர சம்மதத்தோடு வேறு உடன்படிக்கை ஏற்படும்வரை அமெரிக்கா நிறைவேற்றும் என்கிறது. அப்படியானால் அமெரிக்கா வாங்கியது நிலத்தை அன்று. அந்த மக்களிடம் நிலத்தைக் கேட்கும் உரிமை வேறெந்த ஐரோப்பிய அரசுக்கும் இல்லை என்ற நிலையைத்தான். 3 சென்ட் அதற்கான விலை. நிலத்தின் விலை வேறொரு கணக்கில் இருக்கிறது.

அதற்குள் போகுமுன் என் மனம் கவர்ந்த பட்டியலைச் சொல்லியே ஆக வேண்டும். மேற்கே ஆய்வுப் பயணம் செல்ல, ஜெஃபர்சனின் செயலாளர் மெரிவெதர் லூயிஸ் கொடுத்த மதிப்பீடு சரியாக 2,500 டாலர். அளவைக் கருவிகளுக்கு 217, பழங்குடியினருக்கான பரிசுகளுக்கு 696, மருந்துக்கு 55, கூடுதல் உணவுப்பொருளுக்கு 224. பிறகு பிலடெல்பியாவில் அவர் 193 பவுண்டு சூப் வாங்கினார். மாட்டிறைச்சிச் சாற்றைப் பசை போல இறுக வற்றவைத்த, வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சரக்கு. விலை 289 டாலர் 50 சென்ட்! உணவுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையையும் சூப் ஒன்றே விழுங்கிவிட்டது. ஒரு பவுண்டு ஒன்றரை டாலர். அதே தொகைக்கு அந்தக் குறுங்காணொளியின் கணக்குப்படி 50 ஏக்கர் கிடைத்திருக்கும். சொல்ல விட்டுப்போனது, இந்தச் சூப் யாருக்கும் பிடிக்கவில்லை. 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலையில் பசியில் வாடியபோது அதைப் பங்கிட்டார்கள். சிலர் முகம் சுளிக்க, கடைசியில் ஒரு குதிரைக்குட்டியை அடித்துத் தின்றார்கள். பயணத்தின் மொத்தச் செலவோ 38,000 டாலரைத் தாண்டியது.

சூப்பின் விலையை நினைவில் வையுங்கள். அதே லூயிஸ் திரும்பி வந்து லூசியானா ஆட்சிப்பகுதியின் ஆளுநரானார். 1808-இல் ஓசேஜ் என்ற பழங்குடி மக்களுக்கு அரசின் பாதுகாப்பு இல்லை என்று அறிவித்து, வணிகர்களைத் திரும்ப அழைத்து, நெருக்கடி கொடுத்தார். அந்த நவம்பரில் கிளார்க் கோட்டையில் அவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இன்றைய மிசௌரியின் பெரும்பகுதியையும் ஆர்கன்சாஸ் ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்கு ரொக்கமாக பெரிய ஓசேஜ் பிரிவுக்கு 800 டாலர், சிறிய ஓசேஜ் பிரிவுக்கு 400 டாலர். அதோடு ஆண்டுதோறும் இரு பிரிவுக்கும் சேர்த்து 1,500 டாலர் மதிப்புள்ள சரக்கு, ஒரு வணிகக் கிடங்கு, ஒரு கொல்லர், ஒரு மாவு ஆலை. மொத்த ரொக்கத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் அந்தச் சூப்பின் விலை.

வணிகக் கிடங்கு கொடுத்தது தாராள மனமா என்றால், அதையும் கடிதத்திலேயே பார்க்கலாம். 1803 பிப்ரவரி 27 அன்று, லூசியானா கைக்கு வரும் முன்பே, இண்டியானா ஆட்சிப்பகுதியின் ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஜெஃபர்சன் எழுதினார்: அரசின் வணிக நிலையங்களைப் பெருக்கினால் பழங்குடித் தலைவர்கள் கடனில் விழுவார்கள், கடன் மிஞ்சினால் நிலத்தைக் கொடுத்து அடைக்க முன்வருவார்கள் என்பது அதன் சாரம். 1825-இல் ஓசேஜ் மக்களிடம் மிசௌரியிலும் ஆர்கன்சாஸிலும் எஞ்சியிருந்த நிலத்தையும் அமெரிக்கா வாங்கிக்கொண்டது. செயிண்ட் லூயிஸில் அந்த உடன்படிக்கையை நடத்தியவர் அந்த ஆய்வுப் பயணத்தில் லூயிஸோடு சேர்ந்து தலைமை தாங்கி மலையேறிய வில்லியம் கிளார்க். அரசின் வணிகக் கிடங்குகளுக்கு அவர்கள் தர வேண்டியிருந்த 4,000 டாலருக்கும் மேற்பட்ட பாக்கியை அரசு தள்ளுபடி செய்யும் என்பது அதில் ஒரு நிபந்தனை.