டாக்டர் ஹூ: வீட்டுப் பதிவிலிருந்து மீண்ட வண்ணம்

வணக்கம் நண்பர்களே. நான் கையில் வைத்திருப்பது, ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரின் ‘தி டீமன்ஸ்’ கதை அடங்கிய, 1993-இல் வெளியான வி.எச்.எஸ். வீடியோ கேசட். டிவிடி வந்துவிட்ட கதைதானே, இதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இதில் பதிந்திருப்பது அந்தக் கதை மட்டுமன்று, அது மீட்கப்பட்ட வரலாறும்கூட.

1983-இல் பிபிசி இத்தொடரின் முதல் கேசட்டை வெளியிட்டபோது, ரசிகர்கள் விரும்பியது ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையை. அதன் பிரதி அப்போது பிபிசியிடமே இல்லாததால், ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சைபர்மென்’ வெளிவந்தது, அதுவும் நான்கு பகுதிகளையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கிய வடிவில், ஏறக்குறைய 40 பவுண்ட் விலைக்கு! ரசிகர்கள் கேட்ட அந்தக் கதை 1991 இறுதியில் ஹாங்காங்கில் கிடைத்து, மறு ஆண்டே கேசட்டாகக் கடைக்கு வந்தது.

‘தி டீமன்ஸ்’ கதைக்கு நேர்ந்தது வேறு. 1971-இல் வண்ணத்தில் ஒளிபரப்பான ஐந்து பகுதிகளில் நான்காவது மட்டுமே அசல் வண்ண நாடாவில் எஞ்சியிருந்தது. விலை உயர்ந்த நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது அக்கால வழக்கம். மற்ற நான்கும் கருப்பு வெள்ளைப் படச்சுருளில்தான் இருந்தன. ஆனால் அமெரிக்காவில் இக்கதை ஒளிபரப்பானபோது, ஒரு ரசிகர் அதை வீட்டு வீடியோ கருவியில் வண்ணத்தில் பதிந்து வைத்திருந்தார். அந்தப் பதிவு மங்கலானது. படத்தை 525 கிடைவரிகளாகக் காட்டும், பிரிட்டிஷ் முறையிலிருந்து வேறுபட்ட அமெரிக்க முறையில் அமைந்தது. ஆயினும் நம் கண்கள் நுணுக்கத்தை ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே பெறுகின்றன; வண்ணம் சற்றுக் கலங்கினாலும் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே கூர்மையைப் படச்சுருளிலிருந்தும் வண்ணத்தை வீட்டுப் பதிவிலிருந்தும் எடுத்து, இரண்டும் பிசகாமல் பொருந்தும்படி பிம்பங்களை நீட்டியும் வளைத்தும் இணைத்தார்கள். தொலைக்காட்சி நிறுவனமே பாதுகாக்கத் தவறியதை ஒரு பார்வையாளரின் பதிவு காப்பாற்றியது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

2003-இல் இத்தொடரின் வி.எச்.எஸ். வெளியீடுகள் முடிவுக்கு வந்தன. பின்னர் வந்த டிவிடி பார்ப்பதற்கு மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் முயற்சி எந்த அளவுக்கு வென்றது என்பதை இந்தக் கேசட்டில்தான் காண முடியும். மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்கும் இடத்தை இப்போது ஓட்டிக் காட்டுகிறேன்; முகங்களின் நிறத்தையும் ஆடைகளின் விளிம்புகளையும் கவனியுங்கள், இணைத்த வண்ணம் எங்கே முடிந்து அசல் வண்ணம் எங்கே தொடங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும்.