அறுந்தே ஆகவேண்டிய கயிறு: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஃபியூஸ் கம்பி பற்றிப் பேசிய வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிற ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அங்கே ட்வின் ஃபால்ஸ் ஊரில் ஸ்னேக் ஆற்றுக்கு மேலே பெரைன் பாலம் இருக்கிறது. 486 அடி உயரம், தனியாக அனுமதி வாங்காமலே வருஷம் முழுக்கப் பாராசூட்டோடு குதிக்கலாம். இவர் வேடிக்கை பார்க்கப் போனபோது ஒருவர் தன் பாராசூட்டின் நாடாவைப் பாலத்துக் கைப்பிடிக் கம்பியில் மெல்லிய பருத்திக் கயிற்றால் கட்டிவிட்டுக் குதித்தாராம். கயிறு அறுந்தது, பாராசூட் விரிந்தது, ஆள் நல்லபடியாக இறங்கிவிட்டார். விசாரித்தால், அது 80 பவுண்டில் அறுகிற பிரேக் கார்டு, அதாவது குறிப்பிட்ட விசையில் அறுவதற்கென்றே செய்த கயிறு என்றார்களாம். நேயர் கேட்பது இதுதான்: அந்தக் கயிறு கைவசம் இல்லையென்றால், 80 பவுண்டு என்று அட்டையில் போட்ட வேறு நூலைக் கட்டலாமா? அந்த எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் சோதனை முடிந்ததா?

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பேஸ் ஜம்பிங் என்றால் கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைமுகடு என்று நிலையான ஒன்றிலிருந்து குதிப்பது. நேயர் பார்த்த மாதிரி நாடாவைக் கம்பியில் கட்டிவிட்டுக் குதிப்பதற்கு ஸ்டேட்டிக் லைன் முறை என்று பெயர். இதில் குதிப்பவர் கையால் எதையும் இழுப்பதில்லை. அவர் விழ விழ, கம்பியில் கட்டிய நாடா இறுகி, பையை மூடியிருக்கும் ஊசியை உருவி, துணியை வெளியே இழுத்து, பாராசூட்டின் நூல்கள் முழு நீளத்துக்கு நீண்ட பிறகு கயிறு அறுகிறது. 150 அடியிலிருந்து விழுந்தால் தரை வர மூன்று விநாடிதான். அவ்வளவு தாழ்வான இடத்தில் இந்த முறை எத்தனை அவசியம் என்று புரியும்.

இப்போது கயிற்றின் கண்ணோட்டத்தில் பாருங்கள். மூன்று மீட்டர் விழுந்ததும் நாடா இறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆள் மட்டுமா விழுகிறார்? மடித்து வைத்த நாலு கிலோ துணியும் கூடவே விழுகிறது. அந்தத் துணியைப் பாலத்தோடு பிடித்து நிறுத்துகிற வேலை இந்தக் கயிற்றுக்கு. பத்தில் ஒரு விநாடியில் நிறுத்தினால் சுமார் 31 கிலோ விசை வேண்டும். அதில் பாதி நேரத்தில் நிறுத்தினால் 62 கிலோ! 80 பவுண்டு என்பதே 36 கிலோதான். நிஜத்தில் துணி கொஞ்சம் கொஞ்சமாக உருவி வருவதால் விசை பரவிப் போகும், ஆனாலும் கணக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது பாருங்கள். இங்கே சீக்கிரம் அறுந்துவிட்டால் துணி முழுக்க வெளியே வராமலே ஆள் விழுந்துகொண்டிருப்பார். அறுகவே மாட்டேன் என்றால் பாலத்திலேயே தொங்க வேண்டியதுதான், இல்லையென்றால் துணியில் நாடா தைத்த இடம் கிழியும்.

ஃபியூஸ் வீடியோவில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பம்புசெட் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு வரை மின்சாரம் இழுக்கும். அந்தச் சில விநாடிகளை ஃபியூஸ் தாங்க வேண்டும், மோட்டார் ஓடாமல் இறுகி நின்றுவிட்டால் மட்டும் எரிய வேண்டும். எங்கள் மாமா ஒருமுறை ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். ஃபியூஸ் அதன்பிறகு போகவே இல்லை, மோட்டார் சுருள்தான் கருகியது. அன்று ராத்திரி தோட்டத்தில் அடித்த அந்த வார்னிஷ் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அப்போதும் இதைத்தான் சொன்னேன்.

சரி, நூலுக்கு வருவோம். இந்தக் கேள்விக்காக வீட்டில் பார்சல் கட்டுகிற பருத்தி நூலைக் கதவுக் கொண்டியில் கட்டி, பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். பத்துத் தடவை. பெரும்பாலும் முடிச்சின் வாயில், நூல் வளைந்து உள்ளே நுழைகிற அந்த இடத்தில்தான் அறுந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எடையில். அறுந்த முனை வெள்ளைப் பஞ்சாகப் பிரிந்து நின்றது. ஆக அட்டையில் இருக்கிற எண் முடிச்சு இல்லாத நூலுக்கு, நீங்கள் கட்டுவதோ முடிச்சுப் போட்ட நூலை. வளையமாகக் கட்டினால் இரண்டு இழை சுமக்கும், ஆனால் இரு மடங்கு கிடைக்காது, முடிச்சு தின்றதைக் கழிக்க வேண்டும்.

நைலான் என்றால் இன்னொரு தொல்லை. அதே 80 பவுண்டு நைலான் நன்றாக நீண்டு கொடுத்துவிட்டு அறுகும், அறுந்ததும் ரப்பர் போலச் சுண்டும். நனைந்தால் நைலான் பலம் குறையும், பருத்திக்கோ பலம் கூடும். பின்னல் மீன்பிடி நூலில் முடிச்சே வழுக்கிக் கழன்றுவிடலாம். மூன்றுக்கும் அட்டையில் ஒரே எண் இருக்கும்.

அதனால் நேயர் வேறொன்றைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை: இருபது தடவை சோதித்தால் மிகக் குறைந்த எண் என்ன, மிக அதிக எண் என்ன? சராசரி 80 வந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஒன்று 50-இல் அறுந்து இன்னொன்று 110-இல் அறுந்தாலும் சராசரி 80தான், அந்த 50 யாருடைய குதிப்பில் வரும்? மாற்று நூலை ஒப்பிட வேண்டுமென்றால் பழைய கயிறும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், அதே முடிச்சு, அதே விளிம்புள்ள கம்பி, காய்ந்தும் நனைந்தும், மெதுவாக இழுக்காமல் எடையை விழவிட்டு. கடைசியில் ஆளின் எடைக்கு மணல் மூட்டை, மடித்த பழைய பாராசூட்டோடு. இத்தனையும் செய்வதற்குள் சரியான கயிறே தபாலில் வந்துவிடும், அதுவரை காத்திருப்பதுதான் என் யோசனை. உயிர் அந்த நூலில் இருக்கிறது.

ஐடஹோ நேயருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பாலத்துக்குப் போனால், குதித்தவர் கம்பியில் விட்டுப்போன கயிற்றுத் துண்டை அவர் நண்பர்களிடம் கேட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முடிச்சில் அறுந்ததா, கம்பி விளிம்பில் அறுந்ததா என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.