எமன் தொடங்கிவைத்த புத்தாண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி அமாவாசையை ஒட்டி நாம் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். ஏறக்குறைய அதே பருவத்தில், ஆகஸ்டின் முதல் பாதியில், மும்பையிலும் நவ்சாரி, உத்வாடா போன்ற குஜராத் ஊர்களிலும் வாழும் பார்சிகள் தங்கள் முன்னோரை வரவேற்கிறார்கள். வருடத்தின் கடைசிப் பத்து நாட்களான இவற்றுக்கு முக்தாத் என்று பெயர். அது முடிந்ததும் விடிவது அவர்களுடைய புத்தாண்டு.

ஜரதுஷ்டிரர் என்ற பழைய ஈரானிய ஞானியைப் பின்பற்றும் பார்சிகளின் நம்பிக்கைப்படி, இறந்தோரின் ஃபிரவஷி எனும் ஆவிகள் இந்தப் பத்து இரவுகளும் மண்ணில் வந்து தங்குகின்றன. அவர்களுடைய மறைநூலான அவெஸ்தாவில் ஃபர்வர்தீன் யஷ்ட் என்று ஒரு நீண்ட துதி இருக்கிறது. ‘எங்களைப் போற்றுவது யார்? எங்களில் யாருடைய பெயரை இங்கே சொல்வார்கள்?’ என்று கேட்டபடி அந்த ஆவிகள் உலவுவதாக அது சொல்கிறது. அதனால்தான் ஒவ்வோர் ஆன்மாவுக்கும் ஒரு பூங்குவளை. வெள்ளிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, ரோஜாவும் சம்பங்கியும் செருகி, பளிங்குப் பலகை பதித்த மேசைகளில் வரிசையாக வைப்பார்கள். வாடிய பூவை அகற்றிப் புதுப்பூ வைப்பார்கள். அருகே பழங்களும் பண்டங்களும் படைத்து, நெருப்பில் சந்தனக்கட்டை இட்டு, குரு ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஓதுவார். முன்பெல்லாம் வீட்டிலேயே ஓர் அறையைச் சுத்தம் செய்து இதற்கென ஒதுக்குவார்கள். இப்போது பெரும்பாலும் அகியாரி எனும் நெருப்புக் கோயிலில்தான் நடக்கிறது.

இனி புத்தாண்டுக்கு வருவோம். நவ்ரோஸ் எனும் புத்தாண்டு விழாவைத் தொடங்கிவைத்தவர் ஜம்ஷீத் என்ற பேரரசர் என்பது ஈரானியர் மரபு. பேய்களும் பறவைகளும் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டிருந்த காலத்தில், மணி பதித்த அரியணையில் அமர்ந்து வானில் உயர்ந்தார்; அந்த நாளே புதுநாள் ஆயிற்று என்று பாரசீகக் கவிஞர் ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியம் பாடுகிறது. மார்ச் 21-ல் பார்சிகள் கொண்டாடும் விழாவுக்கு ஜம்ஷேதி நவ்ரோஸ் என்றே பெயர்.

இந்த ஜம்ஷீதை அவெஸ்தா யிமன் என்கிறது; தந்தை விவங்வந்த். ரிக் வேதத்தில் விவஸ்வானின் மகன் யமன். ஈரானியரும் வேத மக்களும் பிரிவதற்கு முன் ஒரே இனமாக இருந்த காலத்து நாயகன்தான் இருவரும் என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. எருமை மேல் பாசக்கயிற்றோடு வரும் நம் எமதர்மன், ஈரானில் சாவும் மூப்பும் கடுங்குளிரும் இல்லாத பொற்காலத்தின் மன்னன்! கொடிய பனிக்காலம் வரப்போகிறது என்று அவர்களுடைய கடவுளான அகுர மஸ்தா எச்சரித்ததும், வரம் என்னும் காப்பிடத்தைக் கட்டி, மனிதர், விலங்கு, செடிகொடிகளின் சிறந்த வித்துகளை அதற்குள் சேர்த்துக் காத்தவன். பின்னாளில் பொய்க்கு இடம் கொடுத்தான். அவனுடைய பேரொளி பறவை வடிவில் பறந்து போயிற்று.

பெயரோடு ஒற்றுமை நின்றுவிடவில்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் யமனின் வழியைக் காக்கும் இரண்டு நாய்கள் வருகின்றன. நான்கு கண் உடையவை என்று சொல்லப்படும். பார்சிகளின் இறுதிச் சடங்கில் சக்தீத் என்று ஒரு கட்டம் உண்டு. உடலருகே நாயைக் கொண்டுவந்து பார்க்கவைப்பார்கள். நான்கு கண் உடைய நாயைச் சொல்கிறது அவெஸ்தாவின் ஒரு பகுதியான வெந்திதாத். கண்களுக்கு மேல் இரண்டு புள்ளி இருந்தால் அது நாற்கண் நாய். இறந்தோர் கடக்கும் சின்வத் பாலத்திலும் நாய்கள் காவல் இருக்கின்றன. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை இரு மக்களும் தனித்தனியே கற்பனை செய்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திசையில் மட்டும் ஒரு வேறுபாடு. நமக்குத் தெற்கு எமதிசை; முன்னோரைத் தென்புலத்தார் என்கிறோம். அவர்களுக்கோ வடக்குதான் பேய்களின் திசை. நல்லவர் இறந்த மூன்றாம் இரவு கழிந்து விடியும்போது, தெற்கிலிருந்து நறுமணக் காற்று வீசும். அவர் செய்த நன்மை அழகிய பெண்ணாக எதிரே வந்து நிற்கும். அளவுக்கு மீறி அழக்கூடாது என்பதும் அவர்களுடைய அறம். இருப்போர் விடும் கண்ணீர் ஆறாகிப் போகிறவரின் வழியை மறிக்குமாம்.

‘யாருடைய பெயரைச் சொல்வார்கள்?’ என்ற கேள்வி இன்று அந்தச் சமூகத்தை நெருங்கி நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியப் பார்சிகள் 57,264 பேர்தான். பத்தாண்டுக்கு முன் 69,601. வாரிசு இல்லாதவர்கள் தங்களுக்குப் பின்னும் முக்தாத் நடக்க வேண்டுமென்று சொத்து எழுதிவைப்பது நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட அறக்கட்டளை சட்டப்படி செல்லாது என்று ஒரு காலத்தில் தீர்ப்பு இருந்தது. 1907-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தாவர், தாமும் ஒரு பார்சி, அது செல்லும் என்று தீர்த்துவைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாகன்ஷாகி நாட்காட்டியில் வருடத்துக்கு 365 நாட்களே. லீப் நாள் கிடையாது. எனவே வசந்தத்தில் வரவேண்டிய புத்தாண்டு நகர்ந்து நகர்ந்து ஆகஸ்டு நடுவில் வந்து நிற்கிறது. முன்னோரை விடியுமுன் வழியனுப்பிவிட்டு, அன்றைக்கே தலைக்குக் குளித்து, வாசலில் சுண்ணப்பொடிக் கோலமும் பூத்தோரணமும் இட்டு, நெய்யில் வறுத்த சேமியாவும் ரவை இனிப்பும் தயிரோடு உண்பார்கள். புத்தாடை உடுத்திச் சந்தனக்கட்டையோடு அகியாரிக்குப் போவார்கள். சென்னை இராயபுரத்தில் 1910 முதல் இருக்கும் நெருப்புக் கோயிலுக்கும் நம்மூர்ப் பார்சிகள் அன்று செல்வார்கள். அவர்களைச் சந்தித்தால் ‘நவ்ரோஸ் முபாரக்’ என்று வாழ்த்துங்கள். வணக்கம்.