லாகூரில் கிளம்பிய ஃப்ளாப்பி

நேயர்களுக்கு வணக்கம். கணினி வைரஸ் என்றால் இன்று இணையம்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அதற்கும் முந்தைய காலத்தைப் பற்றி. அப்போது ஒருவர் பையிலிருந்து ஃப்ளாப்பியை, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் மெல்லிய காந்தத் தட்டை, எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பார், வைரஸும் அதோடு சேர்ந்து போகும்.

1982-லேயே அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவர் ஆப்பிள் கணினிக்கு ஒரு வைரஸ் எழுதிவிட்டார். ஆனால் ஐபிஎம் பிசி என்ற தனிநபர் கணினிகளின் உலகத்தில் முதலில் பரவியது 'பிரெயின்'. 1986-இல் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதியது. தங்கள் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள், அதனால்தான் செய்தோம் என்று பின்னாளில் சொன்னார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் போட்டிருந்தார்கள். கெடுக்க நினைத்தவர்கள் முகவரி கொடுக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஃப்ளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டால், கணினி அதன் முதல் செக்டரை, அதாவது தட்டின் முதல் சிறு பகுதியை, படித்து, அங்கே இருப்பதை நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் அப்படியே இயக்கும். பிரெயின் போய் உட்கார்ந்தது அங்கேதான். ஏற்கெனவே அங்கே இருந்த, கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் நிரலை வேறொரு மூலைக்கு நகர்த்திவிட்டு, அந்த மூலைக்குப் பழுதான பகுதி என்று முத்திரையும் குத்திவிடும், கணினியை இயக்கும் டாஸ் மென்பொருள் அந்தப் பக்கமே போகாது. அப்புறம் நினைவகத்தில் தங்கிக்கொண்டு, அடுத்தடுத்துச் செருகும் 360 கேபி ஃப்ளாப்பிகளில் எல்லாம் தொற்றும். யாராவது சந்தேகப்பட்டு முதல் செக்டரைத் திறந்து பார்த்தால், ஒளித்து வைத்த பழைய நிரலை எடுத்துக் காட்டும். 1986-இலேயே இவ்வளவு! தப்பிக்க ஒரு எளிய வழி இருந்தது. ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும், அதன்மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் அதில் எதுவும் எழுத முடியாது.

1988-இல் தென் கொரியாவில் ஆன் சியோல்-சூ என்ற மருத்துவ ஆராய்ச்சி மாணவர் தன் ஃப்ளாப்பியிலேயே பிரெயினைக் கண்டார். அதை நீக்க அவர் எழுதிய நிரலுக்கு 'வேக்சின்' என்று பெயர். இலவசமாகக் கொடுத்தார். மருத்துவம் ஒரு பக்கம், வைரஸ் ஒரு பக்கம் என்று ஏழு வருடம் ஓட்டிவிட்டு, 1995-இல்தான் நிறுவனம் தொடங்கினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். ஆன்டிவைரஸ் என்பது முதலில் இப்படித்தான் இருந்தது, பாதிக்கப்பட்ட ஒருவர் மருந்து கண்டுபிடித்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்.

அது வியாபாரமானதற்குக் காரணம் அது தேடும் முறையிலேயே இருக்கிறது. அங்க அடையாளம் குறித்து வைப்பதுபோல, ஒவ்வொரு வைரஸின் நிரலுக்கும் உரிய பைட் (எண்) வரிசையைப் பட்டியலில் வைத்துக்கொண்டு தேடும். புது வைரஸ் வந்தால் பட்டியலும் புதிதாக வேண்டும், ஒரு தடவை வாங்கினால் போதாது. 'கேஸ்கேட்' போன்ற வைரஸ்கள் இன்னும் தொல்லை. கேஸ்கேட் தொற்றினால் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கீழே குவியும். அது தன் உடலைச் சங்கேதமாக்கி மறைத்துக்கொள்ளும், அடையாளத்துக்கு மிஞ்சுவது அந்தச் சங்கேதத்தைப் பிரிக்கும் சின்னத் துண்டு மட்டும்தான். பின்னாளில் தன் பெயரிலேயே ஆன்டிவைரஸ் நிறுவனம் தொடங்கிய யூஜின் காஸ்பர்ஸ்கி 1989-இல் இந்தத் துறைக்குள் வந்தது தன் கணினியில் இதைப் பார்த்த பிறகுதான்.

1987-இல் கலிஃபோர்னியாவில் ஆன்டிவைரஸ் தொழில் தொடங்கிய ஜான் மெக்காஃபி, தனிநபர்கள் நிரலை எளிதாக எடுத்துக்கொள்ள விட்டார், நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கினார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1992 மார்ச் 6 அன்று ஹார்ட் டிஸ்க்கை அழிக்கக் காத்திருந்த 'மைக்கேலேஞ்சலோ' வைரஸைப் பற்றிப் பேசும்போது, 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. மக்கள் ஆன்டிவைரஸ் வாங்க ஓடினார்கள். அன்று பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டவை 10,000 முதல் 20,000 வரைதான். எச்சரிக்கையால் தப்பியவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பயத்தைப் பெரிதாக்கி விற்றது தவறு, அந்தப் பழக்கம் இந்தத் தொழிலை விட்டுப் போகவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

2011-இல் ஃபின்லாந்து வைரஸ் ஆய்வாளர் மிக்கோ ஹைப்போனன், 25 ஆண்டுக்கு முன் ஃப்ளாப்பியில் எழுதியிருந்த அந்த முகவரியை எடுத்துக்கொண்டு லாகூருக்கே போனார். கதவைத் திறந்தவர்கள் பாசித்தும் அம்ஜத்தும்தான். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடங்களில் யார் யாரோ எழுதிய வைரஸ்கள் எங்கள் கணினிகளையும் பலமுறை பிடித்துவிட்டன என்று அவரிடம் சொன்னார்கள்.