எண்ணி முடிக்காத ஆச்சி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைங்களுக்குப் பேய்க்கதை சொல்லலாமான்னு நிறைய அம்மா அப்பாக்கள் கேக்குறாங்க. தாராளமா சொல்லுங்க, ஆனா பேயைக் காட்டி மிரட்டாதீங்க. சோறு திங்கலைன்னா பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிடுவான்னு சொல்றோம்ல, அந்தப் பூச்சாண்டி நாளைக்கும் வருவான் நாளான்னிக்கும் வருவான், அதுக்கு முடிவே கிடையாது. கதைல வர்ற பேய்க்கு ஒரு வீடு இருக்கு, மனசுல ஒரு குறை இருக்கு, அந்தக் குறை தீர்ந்தா கதை முடிஞ்சிடும், பிள்ளையும் போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்கிடும்.

இதுல எனக்கு வீடுதான் முதல்ல, பேய் அப்புறம்தான். நான் இன்னிக்கி சொல்லப்போற கதைக்கு எடுத்துக்கிட்டது செட்டிநாட்டு வீடு. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஒரு தெருவுல முகப்பு ஆரம்பிச்சா அடுத்த தெருவுலதான் பின்கட்டு முடியும். நிலைக்கதவெல்லாம் ஒரே நேர்ல இருக்கும், முன்வாசல்ல நின்னு பாத்தா முகப்பு, வளவுங்கிற நடுமுற்றம், அடுத்தடுத்த கட்டுன்னு தாண்டி கடைசியில பின்வாசல் வெளிச்சம் சின்னதா தெரியும், நடுவுல யாராவது குறுக்க போனா அந்த வெளிச்சம் ஒரு நொடி மறையும். பூட்டின வீட்டுல அந்த வெளிச்சம் மறைஞ்சா எப்படி இருக்கும்னு யோசிங்க!

செட்டியாருங்க பர்மாவுல வட்டித்தொழில் பண்ணி, அங்கேருந்தே தேக்கு கொண்டாந்து கட்டின வீடுங்க நிறைய. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் தொழில் போச்சு, சனம் மெட்ராசு அங்க இங்கன்னு பொழைக்கப் போயிட்டாங்க. ஒரு வீட்டுக்குப் பல பங்காளி, ஆளுக்கொரு ஊர்ல, அதனால விக்கவும் முடியாது குடியிருக்கவும் ஆளில்ல. கல்யாணம், காதுகுத்து, அறுபதாங்கல்யாணச் சாந்தின்னு வந்தா திறப்பாங்க, மத்த நாளெல்லாம் பூட்டுதான்.

அப்படிப் பூட்டின வீட்டுல ராத்திரி சத்தம் வராம இருக்குமா? பகல்ல காஞ்ச ஓடும் உத்தரமும் ராத்திரி ஆறும்போது டக்கு டக்குன்னு சத்தம் குடுக்கும். ஓட்டு மேல மரநாய் ஓடும், பாக்க பூனை மாதிரி இருக்கும், அது நடமாடுற இடத்துல ரம்பை இலை வாசம் வரும், ஆளே இல்லாத வீட்டுல யாரோ சமைக்கிறாப்புல. மச்சுல கூகை குடியிருக்கும், வெள்ளை மூஞ்சி, அது அலர்றது மனுச அலறல் மாதிரியே கேக்கும், ஆனா பறக்கும்போது றெக்கைச் சத்தம் வரவே வராது. இதையெல்லாம் நான் பிள்ளைங்ககிட்ட மறைக்கிறதே இல்ல, கதையோட ஆரம்பத்துலயே வள்ளிங்கிற பொண்ணுக்கு அவ ஆயா, அதாவது பாட்டி, ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்துடுவாங்க.

வள்ளிக்கு ஒன்பது வயசு, கல்யாணத்துக்காக வீட்டைத் திறக்க ஆயாவோட முன்கூட்டியே வந்திருக்கா. ராத்திரி படுத்தா டக்குன்னு ஒரு சத்தம், "ஆயா, இது உத்தரம்"ங்கிறா வள்ளி. தடதடன்னு ஒரு ஓட்டம், இது மரநாய். அப்புறம் சாமான் அறையில ஒரு பித்தளைப் பாத்திரத்தைத் தரையில வைக்கிற சத்தம், ணங். மறுபடி ணங். இது என்னன்னு வள்ளிக்குத் தெரியல. எண்ணிப் பாத்தா நாப்பத்தொண்ணு வரைக்கும் போகுது, நிக்குது, திரும்ப ஒண்ணுலேருந்து வருது.

"ஆயா, யாரு ஆயா அது?"

"தூங்கு ஆத்தா, எண்ணி முடிக்கட்டும்."

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிறுத்துவேன், பிள்ளைங்க பக்கத்துல இருக்கறவங்க கையைப் புடிச்சுக்குவாங்க.

அந்தப் பக்கத்துக் கல்யாணத்துல பொண்ணுக்குச் சீரா குடுக்குற பாத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல, அறை அறையா அடுக்கி வைப்பாங்க, பேரும் வெட்டியிருக்கும். இப்படி வந்த சாமான் பின்னாடி விலைக்குப் போயி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல கிடக்கும். என் கதையில ராத்திரி பாத்திரத்தை எண்ணுறது அந்த வீட்டு ஆச்சிதான், அவங்க செத்து ரொம்ப வருசமாச்சு, அவங்க சீர்ப் பாத்திரத்துல நாப்பத்திரண்டாவதா ஒரு பால் கிண்ணம் இருந்துச்சு, அதைக் காணோம், அதான் எண்ணி முடிக்க முடியல. மறுநாள் கல்யாணச் சாமான் வாங்கப் போற கூட்டத்தோட வள்ளியும் போறா, கடைக்கடையா ஏறி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி அடியில பேரைப் பாக்குறா, ஒரு கடையில குவியலுக்கு அடியில ஆச்சி பேரு, சுழிச்சு எழுதின பழைய எழுத்து. கல்யாணத்துக்கு வளையல் வாங்க வச்சிருந்த தன்னோட காசைக் குடுத்து அதை வாங்கிட்டு வந்து வைக்கிறா. அன்னிக்கி ராத்திரி நாப்பத்திரண்டு ணங் கேக்குது, அதுக்கப்புறம் சாமான் அறைக் கதவு பூட்டுற சத்தம்.

கேட்டு முடிச்சதும் எப்பவும் பிள்ளைங்களுக்குள்ள சண்டை வரும். பாத்திரத்தை மரநாய்தான் உருட்டுச்சும்பான் ஒருத்தன், மரநாய்க்கு எண்ணத் தெரியுமாம்பா இன்னொருத்தி. அந்தச் சண்டையில பெரியவங்க நடுவுல போயி தீர்ப்பு சொல்லாதீங்க, பேசட்டும். இன்னிக்கி ராத்திரி உங்க பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க, ஊரும் வீடும் உங்களுதா மாத்திக்கங்க, பாத்திரத்துல உங்க பாட்டி பேரையே வெட்டிக்கங்க. நன்றி, வணக்கம்.