சூடு யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பு வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்குச் சூரியனின் சூட்டை நான் விளக்கத் தேவையில்லை. அந்த வெயிலை அனுப்பும் மேற்பரப்பு ஏறக்குறைய 5500 பாகை செல்சியஸ். ஆனால் அதற்கு மேலே, முழுக் கிரகணத்தில் வெள்ளையாகத் தெரியும் கொரோனா என்ற வெளி வளிமண்டலம், 10 இலட்சம் பாகைக்கும் மேல்! (1955 ஜூனில் அப்படியொரு கிரகணம் இந்தத் தீவைக் கடந்தது. நம்மில் பலர் பிறக்கவேயில்லை.)

கொரோனா முழுக்கப் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரிந்த வாயு. காந்தப்புலம் ஊடுருவிய பிளாஸ்மாவில் அலைகள் ஓடும் என்று 1942இல் சுவீடன்காரர் ஹானஸ் ஆல்வேன் சொன்னார். வீணைத் தந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கினால் அலை விரைந்து ஓடும், தந்தி கனத்தால் மெதுவாகும். இங்கே முறுக்கு காந்தப்புலம், கனம் பிளாஸ்மாவின் அடர்த்தி. இந்த அலைகள்தான் கொரோனாவைச் சூடாக்குகின்றனவா என்பது இன்னும் தீராத வழக்கு.

அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் பைத்தியம். சூரிய வளிமண்டலத்தில் ஒரு துண்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அடிப்பக்கத்தை ஆட்டிவிடுவோம். அலை மேலேறும், சிதையும், திரையில் சிவப்பு பரவும். எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கேட்பேன்: அந்தச் சூடு யாருடையது?

உண்மையில் அலை வெப்பமாகக் கரைவது மிக நுண்ணிய அளவில். நம் கட்டங்களோ கிலோமீற்றர் கணக்கில். அலை கட்டத்தைவிடச் சிறுத்ததும் கணக்கே அதை மழுங்கடித்து, அந்த இழப்பையும் சூடாக எழுதிவிடும். அலை சிதைகிற வேகம் சரியாக இருந்தால் கடைசியில் எது கரைத்தாலும் ஒன்றுதான் என்று வாதிடுவோரும் உண்டு. இருக்கலாம். சோதித்துவிட்டுச் சொல்லட்டும்.

சோதனை இதுதான். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பாதி என்றால் கட்டங்கள் 8 மடங்கு. கணினி காலத்தையும் சின்னச் சின்ன அடிகளாகத்தான் நகர்த்தும். அலை ஒரே அடியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது, ஆகவே அந்தக் கால அடியும் பாதி. மொத்த வேலை 16 மடங்கு. ஒரு நாள் ஓடியது அரை மாதம் ஓடும், கரண்ட் போகாவிட்டால். சூடு மாறாமல் வந்தால் நம்பலாம். மாறினால், திரும்பவும் அதே கேள்விதான்: சூடு யாருடையது?

சரி, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சூரியனை ஆராய நாசா அனுப்பிய பார்க்கர் விண்கலம் பற்றிப் பேசத்தான் வந்தேன். 2018இல் புறப்பட்டது, 2021இல் கொரோனாவுக்குள் நுழைந்தது, 2024 டிசம்பரில் சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியது. அது அளந்த அலைகளோடு நம் கணக்கை ஒப்பிடும் கதையை இன்னொரு நாள், அழைத்தால், சொல்கிறேன். வணக்கம்.